திருப்பிப் போடலாமா? கோரல், இல்லஸ்ட்ரேட்டர் கேள்வி-பதில்

கோரல், இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருள்களைப் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: ஒரு தடவை வரைந்ததை மிரர் பண்ணி (கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகத் திருப்பி), பெரிதாக்கி, சிறிதாக்கி, வேறு வேறு வேலைகளில் மறுபடி எப்படிப் பயன்படுத்துவது? கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்தவற்றில் பிறருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டேன். கேள்வி முதலில், என் பதில் அதன் கீழே.

பண்ருட்டியில் முந்திரிப் பருப்பு பேக்கிங் செய்கிறோம். 100 கிராம், 250, 500, 1 கிலோ என்று ஒவ்வொன்றுக்கும் தனி லேபிள். போன் நம்பர் மாறினால் எல்லா ஃபைலையும் திறந்து திருத்த வேண்டியிருக்கிறது. எங்காவது ஒன்றில் பழைய நம்பர் தங்கிவிடுகிறது.

காப்பி, பேஸ்ட் செய்து லேபிள் போடுகிற எல்லாருக்கும் வரும் தொல்லை இது. ஒட்டிய ஒவ்வொன்றும் தனிப் படமாகிவிடுவதால், ஒன்றைத் திருத்தினால் மற்றதற்குத் தெரியாது. உங்களுக்குத் தேவை சிம்பல், அதாவது எல்லா நகலும் ஒரே மூலத்தோடு இணைந்திருக்கும் வசதி.

கோரலில் லோகோ, முகவரி, போன் நம்பர், 14 இலக்க உணவு உரிம எண், சைவக் குறியான பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து சிம்பலாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே சிம்பலாக்க வேண்டாம். லோகோ ஒன்று, முகவரியும் எண்களும் சேர்ந்து ஒன்று, சைவக் குறி ஒன்று என மூன்றாக இருக்கட்டும். கன்ட்ரோல், எஃப்3 அழுத்தினால் சிம்பல் மேனேஜர் வரும். அதிலிருந்து இழுத்து எல்லா லேபிளிலும் வையுங்கள். இனி நம்பர் மாறும்போது சிம்பலை ஒரு தடவை எடிட் செய்தால் போதும், அந்த ஃபைலில் இருக்கும் எல்லா லேபிளிலும் மாறிவிடும். லேபிளில் அதைச் சிறிதாக்கியிருந்தாலும் திருப்பியிருந்தாலும் மாறும்.

‘அந்த ஃபைலில்’ என்று சொன்னதைக் கவனியுங்கள். நான்கு லேபிளும் நான்கு ஃபைலில் கிடந்தால் இந்த வசதி சுலபமாகக் கைக்கு வராது. ஒரே ஃபைலில் நான்கு பக்கமாக வைத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் அதனதன் அளவைக் கொடுங்கள். கோரல் அதற்கு இடம் தரும். இல்லஸ்ட்ரேட்டரில் இதையே ஆர்ட்போர்டுகளாக (அதில் பக்கத்துக்கு அதுதான் பெயர்) செய்யலாம்.

எடை, விலை, தரம் இவற்றைச் சிம்பலுக்குள் போடாதீர்கள். டபிள்யூ 240, டபிள்யூ 320 என்பது ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு நிற்கும் என்பதைச் சொல்வது. அது பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு மாறும். மாறாதது எதுவோ அது மட்டும் உள்ளே இருக்கட்டும்.

கோரலில் குளோன் என்றும் ஒன்று உண்டு; மூலப்படத்தைப் பின்பற்றி மாறும் நகல் அது. அதையும் சிம்பல் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். குளோனில் ஒன்றின் நிறத்தை நீங்கள் கையால் மாற்றிவிட்டால், அதற்கப்புறம் மூலப்படத்தின் நிறத்தை மாற்றினாலும் அந்த ஒன்று மாறாது. சத்தமில்லாமல் இணைப்பு அறுந்துவிடும். லேபிள் வேலைக்கு அது ஆபத்து.

அப்புறம், 1 கிலோ பாக்கெட்டின் லோகோவையே 100 கிராமுக்கும் சுருக்கி வைத்தால் மெல்லிய கோடுகள் அச்சில் காணாமல் போகும். சின்ன அளவுக்கென்று கோடுகளைக் குறைத்து இன்னொரு லோகோ வரைந்து, அதைத் தனிச் சிம்பலாக வைத்துக்கொள்வதுதான் சரி.

சிதம்பரத்தில் ப்ளெக்ஸ் கடை. ஆருத்ரா தரிசனத்துக்கு அலங்கார வளைவு போட்டோம். இரண்டு பக்கமும் எதிரெதிரே பார்க்கட்டும் என்று ஒரு நடராஜரை மிரர் பண்ணி வைத்தேன். பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு ‘இது எந்த ஊர் நடராஜர்?’ என்று கேட்டுவிட்டுப் போனார்.

நல்ல கேள்விதான் கேட்டிருக்கிறார்! தில்லைக் கூத்தன் தூக்கிய திருவடி இடது. படத்தைத் திருப்பினால் வலது கால் தூக்கியதாகிவிடும். அது மதுரை வெள்ளியம்பலத்தில் கால் மாறி ஆடிய கோலம். உடுக்கையும் தீயும் கை மாறிவிடும். சிதம்பரத்து வளைவில் மதுரை நடராஜரை நிறுத்தினால் கேட்காமல் விடுவார்களா?

பிள்ளையாருக்கும் இதே கதைதான். துதிக்கை இடம்புரியாக இருப்பதைத் திருப்பினால் வலம்புரி ஆகிவிடும். வலம்புரிப் பிள்ளையாரை விசேஷமாகக் கொண்டாடுகிற ஊரில் அதை யாரும் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சங்கையும் திருப்பக் கூடாது.

வாழை மரம், மாவிலைத் தோரணம், யானை, மயில், யாளி, குத்துவிளக்கு இவற்றைத் தாராளமாகத் திருப்பலாம். வளைவின் இரு பக்கமும் அவற்றை வைத்து, சுவாமியை நடுவில் ஒரே ஒரு தடவை வையுங்கள். பார்வைக்கும் அதுதான் நிறைவு.

மனிதர்களின் போட்டோவிலும் கவனம் வேண்டும். முந்தானை இடது தோளிலிருந்து வலது தோளுக்குப் போய்விடும், சட்டைப் பை பக்கம் மாறும், வண்டியின் நம்பர் பிளேட் இடம் வலம் மாறிய எழுத்தாகும். வாழ்த்து பேனரில் தலைவரின் முகம் எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும் என்று கேட்டால் வேறு போட்டோ கேளுங்கள். திருப்பிக் கொடுத்தால், அந்த முகத்தைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு ஏதோ சரியில்லை என்று உடனே தெரியும்.

புதுச்சேரியில் சுற்றுலாப் பயணிகளுக்கு மரத்தில் லேசர் கட்டிங் கீ-செயின் செய்கிறேன். ஆயி மண்டபத்தில் பாதி வரைந்து மிரர் பண்ணினேன். திரையில் அழகாக இருக்கிறது. மெஷினில் போட்டால் நடுவில் இரண்டாக வெட்டி விழுகிறது.

பாதி வரைந்து திருப்புவதற்கு ஆயி மண்டபத்தை விடத் தோதான கட்டிடம் ஊரில் கிடைக்காது. முறையில் தப்பில்லை, ஒட்டு வேலைதான் பாக்கி.

நீங்கள் வரைந்த பாதி, நடுக்கோட்டோடு மூடிய வடிவமாக இருக்கிறது. அதைத் திருப்பி ஒட்டியதும் நடுவில் இரண்டு கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கின்றன. திரையில் இரண்டுக்கும் ஒரே நிறம் என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. லேசருக்கு அது ஒரு பொருட்டில்லை, வெட்டுக் கோடு இருந்தால் வெட்டும். கோரலில் கோடுகளை மட்டும் காட்டும் வயர்ஃபிரேம் பார்வைக்கு மாற்றுங்கள், நடுக்கோடு பளிச்சென்று தெரியும்.

சரி செய்ய இரண்டு வழி. சுலபமானது: ஒரு பாதியை 0.1 மில்லிமீட்டர் அளவுக்கு மற்றதன் மேல் ஏற்றி வைத்து, இரண்டையும் வெல்ட் (ஒரே வடிவமாக இணைப்பது) செய்யுங்கள். வெறுமனே தொட்டுக்கொண்டிருக்கும்போது வெல்ட் செய்தால், கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருந்தால்கூட இரண்டும் தனித்தனியாகவே நிற்கும். இன்னொரு வழி: பாதியை மூடாமல் திறந்த கோடாக வரைவது. அதைத் திருப்பி, இரண்டையும் கன்ட்ரோல், எல் கொடுத்து கம்பைன் செய்து, எஃப்10 ஷேப் கருவியால் உச்சியில் இருக்கும் இரு நோடுகளையும் (கோட்டின் முனைப் புள்ளிகள்) வளைத்துப் பிடித்து ஜாயின் செய்யுங்கள். அடியில் உள்ளவற்றுக்கும் அப்படியே. குரூப் செய்வது ஒட்டு ஆகாது.

திருப்பிய நகல் எடுக்க கோரலில் மெனுவுக்கே போக வேண்டாம். கன்ட்ரோலைப் பிடித்தபடி இடதுபக்க நடுக் கைப்பிடியை வலது ஓரத்தைத் தாண்டி இழுங்கள். மவுஸை விடுவதற்கு முன் வலது பட்டனை ஒரு தட்டு. மூலம் அங்கேயே இருக்கும், நகல் ஓரத்தோடு ஓரம் ஒட்டி நிற்கும்.

தூணுக்கு நிழல் கொடுத்திருந்தால் அதைத் திருப்பிய பிறகு சேருங்கள். நிழலோடு திருப்பினால் இரண்டு பக்கமிருந்தும் வெயில் அடிக்கிற மண்டபமாகிவிடும்.

லாஸ்பேட்டையிலிருந்து: சிக்குக் கோலத்தைப் பத்திரிகை ஓரத்துக்காக வரைகிறேன். கால் பாகம் போட்டு மிரர் பண்ணினால் கம்பி சேருகிற இடத்தில் கூராக உடைகிறது.

எல்லாக் கோலமும் கண்ணாடிக் கோலம் இல்லை. பல சிக்குக் கோலங்கள் சுழற்றினால் மட்டுமே பொருந்தும். அவற்றை மிரர் பண்ணினால் கம்பி வந்து முட்டும், ஆனால் வந்த சாய்வு எதிர்ப்பக்கம் மடங்குவதால் வளைவு உடையும்.

தாளில் போட்ட கோலத்தின் நடுக்கோட்டில் ஒரு சின்னக் கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். கண்ணாடிக்குள் தெரிவதும் தாளின் மறுபாதியும் ஒன்றாக இருந்தால் மிரர் பண்ணலாம். இல்லையென்றால் கால் பாகத்தை 90 பாகை சுழற்ற வேண்டும். கோரலில் கோலத்தின் மையத்தைச் சுழற்சி மையமாக வைத்து, ஆல்ட், எஃப்8 பெட்டியில் 90 பாகை, 3 நகல். இல்லஸ்ட்ரேட்டரில் ஆர் எழுத்தை அழுத்தினால் வரும் சுழற்றும் கருவி, மையத்தில் ஆல்ட் கிளிக், 90, காப்பி. அப்புறம் கன்ட்ரோல், டி இரண்டு தடவை.

இடுக்குப் புள்ளிக் கோலம் என்றால் கணக்கு வேறு. 15 புள்ளி 8 வரை வைத்தால் கிடைப்பது அறுகோணம். அதில் பல கோலங்களுக்கு 60 பாகை, 5 நகல். வாசலில் கைக்கணக்கில் வைத்தால் ஒப்பேறிவிடும். கணினியில் வரிசைகளின் இடைவெளி சரியாக இல்லாவிட்டால் சுழற்றிய பாகம் புள்ளியில் உட்காராது. புள்ளிக்குப் புள்ளி 10 மில்லிமீட்டர் என்றால், வரிசைக்கு வரிசை 8.66 மில்லிமீட்டர் வையுங்கள்.

கடலூர் ஓ.டி.யில் (ஓல்டு டவுன்) ரேடியம் ஸ்டிக்கர் கடை. கண்ணாடிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வெளியிலிருந்து படிக்க வேண்டும் என்கிறார்கள். எங்கே மிரர் பண்ணுவது, ஃபைலிலா மெஷினிலா?

மெஷினுக்கு அனுப்பும் இடத்தில். ஃபைலைத் திருப்பிச் சேமித்து வைத்தால், அடுத்த மாதம் கடைப் பையன் அதைத் திறந்து, மிரர் வேலை என்று நினைத்து இன்னொரு தடவை திருப்புவான். வெட்டிய வினைல் குப்பைக்குத்தான் போகும். மூல ஃபைல் எப்போதும் நேராகவே இருக்கட்டும்.

இரண்டு நிறம் என்றால் ஒட்டும் வரிசையும் மாறும். வெளியே ஒட்டும்போது பின்னணி முதலில், எழுத்து மேலே. உள்ளே ஒட்டும்போது எழுத்து முதலில், பின்னணி அதன் மேல். வெளியிலிருந்து தெரியப்போவது ஒட்டுப் பக்கம் என்பதால், அந்தப் பக்கமும் அதே நிறம்தானா என்று ரோலின் முனையைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஆர்டர் எடுங்கள்.

டி-ஷர்ட்டில் சூடு வைத்து ஒட்டும் வினைலுக்கும் தாளில் அச்சிட்ட படத்தைச் சூட்டால் கப்பில் இறக்கும் சப்ளிமேஷனுக்கும் மிரர் தேவை. படம் வேறொன்றிலிருந்து கவிழ்ந்து பொருளின் மேல் இறங்கினால் மிரர், நேரடியாகப் பொருளின் மேலேயே அச்சானால் வேண்டாம்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: விசிட்டிங் கார்டு டிசைனைப் பத்தடி பேனராக இழுத்தால் பார்டர் நூல்போல ஆகிவிடுகிறது.

படத்தோடு கோட்டின் கனமும் வளர வேண்டும். கோரலில் எஃப்12 அழுத்தினால் வரும் கோட்டுப் பெட்டியில் ‘ஸ்கேல் வித் ஆப்ஜெக்ட்’ டிக் செய்யுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்ஸில் ‘ஸ்கேல் ஸ்ட்ரோக்ஸ் அண்ட் எஃபெக்ட்ஸ்’.

பாலிடெக்னிக் மாணவன். இன்க்ஸ்கேப்பில் இதெல்லாம் முடியுமா?

முடியும். இன்க்ஸ்கேப்பும் வரைகலை மென்பொருள்தான், காசும் இல்லை. எச் அழுத்தினால் இடம் வலமாகவும், வி அழுத்தினால் மேல் கீழாகவும் திரும்பும். ஆல்ட், டி கொடுத்தால் குளோன்; மூலத்தைத் திருத்தினால் அதுவும் மாறும். பாத் எஃபெக்ட்டில் இருக்கும் மிரர் சிமெட்ரியைப் போட்டுவிட்டால் ஒரு பாதியைத் திருத்தத் திருத்த மறுபாதியும் கூடவே மாறும். 2022இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து ஒரே ஃபைலில் பல பக்கங்களும் வைக்கலாம். ஆஃப்செட் அச்சுக்குக் கொடுப்பதானால் நிறத்தை சிஎம்ஒய்கே-க்கு (அச்சின் நான்கு மை நிறங்கள்) மாற்றும் வேலையை வேறு மென்பொருளில் செய்ய வேண்டியிருக்கும்.

ஆம்புலன்ஸுக்கு எழுத்து ஒட்டக் கேட்கிறார்கள். நான்கு பக்கமும் மிரரா?

முன்பக்கம் மட்டும். முன்னால் போகிறவர் தன் வண்டிக் கண்ணாடியில் பார்த்துப் படிப்பதற்குத்தான் அது. பக்கவாட்டிலும் பின்னாலும் நேராகவே ஒட்டுங்கள்.