அப்பாவின் மாரடைப்பும் அத்தையின் இரத்தக்கட்டியும்: இரண்டும் ஒரே பரம்பரைக் கோளாறா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "எனக்கு வயது 36. அப்பாவுக்கு 47 வயதில் மாரடைப்பு வந்து, பிறகு பைபாஸ் செய்தார்கள். பெரியப்பாவும் இதய நோயால்தான் காலமானார். அத்தைக்குப் பிரசவம் முடிந்த கையோடு காலில் இரத்தம் கட்டிவிட்டது. போன வருடம் எடுத்த சோதனையில் நான் தலசீமியா காவி (அந்தப் பரம்பரை இரத்த நோயின் மரபணுவை நோயின்றிச் சுமப்பவர்) என்று தெரியவந்தது. 'நம்முடைய இரத்தத்திலேயே ஏதோ பிழை இருக்கிறது, அதுதான் நாடிகளை அடைக்கிறது' என்கிறார் அம்மா. தனியார் பரிசோதனைக்கூடம் ஒன்றில் பரம்பரை இரத்த உறைவுச் சோதனைகளைத் தொகுதியாகச் செய்கிறார்கள். என் மாதச் சம்பளத்தில் பாதி போய்விடும். செய்யத்தான் வேண்டுமா? அதுவரை தினமும் ஓர் அஸ்பிரின் போடலாமா?"

அந்தத் தொகுதிக்குப் பணம் கட்ட வேண்டாம். அஸ்பிரினையும் நீங்களாகத் தொடங்க வேண்டாம். அம்மாவின் கவலை நியாயமானதுதான். ஆனால் அவர் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பவை மூன்று வெவ்வேறு விடயங்கள்.

அப்பாவுக்கு அடைத்தது நாடி, அதாவது இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய். அத்தைக்கு அடைத்தது நாளம், அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய். நாடியில் இரத்தம் அழுத்தத்தோடு விரைந்து ஓடுகிறது. அதன் சுவருக்குள் பல வருடங்களாகக் கொழுப்பு படிந்து, ஒருநாள் அந்தப் படிவு வெடிக்கிறது. வெடித்த இடத்தில் இரத்தச் சிறுதட்டுகள் (இரத்தம் கட்ட உதவும் நுண்ணணுக்கள்) குவிந்து வழியை அடைத்துவிடுகின்றன. மூல நோய் சுவரில்தான் இருக்கிறது. நாளத்திலோ சுவர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பிரசவம், சத்திரசிகிச்சை, நீண்ட படுக்கை, நீண்ட விமானப் பயணம் போன்ற நேரங்களில் இரத்த ஓட்டம் மந்தமாகி, உறைவுப் புரதங்களின் கை ஓங்கிவிடுகிறது. புரதம் சி, புரதம் எஸ், அன்டித்ரொம்பின் ஆகியவை உறைவை அடக்கி வைப்பவை. இவற்றில் ஒன்று பிறவியிலேயே குறைந்தவர்களுக்குக் காலிலும் நுரையீரலிலும் கட்டி வருவதற்கான காரணம் இதுதான். இளவயது மாரடைப்புக்கும் இந்தக் குறைபாடுகளுக்கும் தொடர்பே இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் அப்பாவின் கதையைப் படித்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இவை அல்ல.

இத்தகைய தொகுதிகளில் முன்வரிசையில் நிற்பது 'காரணி ஐந்து லைடன்' என்ற, இரத்தத்தை எளிதில் உறையவைக்கும் மரபணு மாற்றம். நெதர்லாந்தின் லைடன் நகரில் 1994இல் கண்டறியப்பட்டது. ஐரோப்பியரிடம் பரவலாக இருக்கிறது, தெற்காசியரிடம் அரிது. 'எம்டிஎச்எஃப்ஆர்' மரபணுச் சோதனையையும் சேர்த்திருப்பார்கள். அது இரத்தத்தில் உள்ள ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் அளவோடு தொடர்புடையது. பி வகை விற்றமின்களால் ஹோமோசிஸ்டீனைக் குறைத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் மாரடைப்பு குறையவில்லை. அதற்குப் பணம் கேட்பது எனக்குக் கொஞ்சம் எரிச்சலூட்டும் விடயம்.

நாடி, நாளம் இரண்டையும் அடைக்கக்கூடிய ஒன்று உண்டு: அன்டிபொஸ்போலிப்பிட் நோய். அது பொதுவாகப் பரம்பரையாக வருவதில்லை, உடலின் எதிர்ப்புச் சக்தி தடம் புரள்வதால் வருவது. இளவயதில் பாரிசவாதம், திரும்பத் திரும்பக் கருச்சிதைவு என்றால்தான் அதைத் தேடுவோம். ஒருமுறை நேர் என்று வந்தால் போதாது, 12 வாரங்கள் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும்.

சரி, அப்பாவின் நாடியை அடைத்தது எது? வீட்டில் அவருடைய பழைய கிளினிக் கொப்பி இருக்கும். முதல் பக்கங்களைப் பாருங்கள். மாரடைப்பு வந்த காலத்தில் சர்க்கரை எவ்வளவு, இரத்த அழுத்தம் எவ்வளவு, சிகிச்சைக்கு முன் எல்டிஎல் எனப்படும் கெட்ட கொலஸ்ட்ரோல் எவ்வளவு, புகைபிடித்தாரா? எல்டிஎல் டெசிலீற்றருக்கு 190 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் பரம்பரைக் கொலஸ்ட்ரோல் நோயைச் சந்தேகிக்க வேண்டும். குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாரை விரல்களால் பிடித்துப் பாருங்கள், அப்பாவுடையதையும் உங்களுடையதையும். வழமைக்கு மாறாகத் தடித்து முடிச்சுமுடிச்சாக இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். இந்த நோய் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்போடு இறங்கும். குளிசைகளால் நன்றாகக் கட்டுப்படுத்தலாம்.

நீங்கள் பணம் செலவழிக்க விரும்பினால் லைப்போபுரோட்டீன்-ஏ என்ற ஒரே ஒரு சோதனைக்குச் செலவழியுங்கள். நோர்வேயைச் சேர்ந்த கோரே பெர்க் 1963இல் கண்டுபிடித்த கொழுப்புத் துகள் இது. அளவு பெரும்பாலும் பிறப்பிலேயே தீர்மானிக்கப்படுவதால் சாப்பாட்டாலும் உடற்பயிற்சியாலும் பெரிதாக மாறாது. ஆகவே வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் பெரும்பாலும் போதும். டெசிலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் என்றால் அதிகம். சில கூடங்கள் நனோமோல் கணக்கில் தரும், அதில் எல்லை 125. அறிக்கையில் எந்த அலகு என்று கவனியுங்கள், குழப்பம் இங்கேதான் வருகிறது. அதிகமாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும், குறிப்பாக எல்டிஎல்லை, இறுக்கமாகக் கட்டுப்படுத்துவோம்.

தலசீமியா காவி நிலை நாடியை அடைக்காது. காவிகளிடம் எல்டிஎல் சற்றுக் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அதை நம்பி நீங்கள் சும்மா இருந்துவிட முடியாது என்பது வேறு விடயம். உங்களுக்கு இதனால் வரும் தொல்லை இரண்டு. சிவப்பணு சிறிதாக இருப்பதைப் பார்த்து யாராவது இரும்புச்சத்துக் குளிசை எழுதித் தருவார்கள். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் அளவைப் பார்த்து, அது குறைவாக இருந்தால் மட்டும் போடுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனையும் காவிகளில் பிழைக்கக்கூடும். பட்டினியில் எடுக்கும் சர்க்கரையையும் சேர்த்துப் பாருங்கள். திருமணமானவர் என்றால், அல்லது ஆகப்போகிறவர் என்றால், துணைவியாரையும் சோதிக்க வேண்டும். இருவரும் காவி என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் கடும் தலசீமியாவுக்கு நான்கில் ஒரு வாய்ப்பு. எங்கே சோதிப்பது என்று உங்கள் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள்.

அஸ்பிரின் ஏன் வேண்டாம்? இதய நோய் இதுவரை வராத ஒருவருக்கு, வயிற்றிலும் மூளையிலும் இரத்தம் கசியும் ஆபத்து, கிடைக்கும் நன்மையைச் சாப்பிட்டுவிடும். அதுவும் கொழும்பில் மழை விட்டதும் டெங்கு. சிறுதட்டுகள் விழும் காய்ச்சலில் அஸ்பிரின் உடலில் இருப்பது எவருக்கும் நல்லதல்ல. அப்பா வைத்தியர் சொல்லி அஸ்பிரின் போட்டுவந்தால், அதைத் தானாக நிறுத்தக்கூடாது. காய்ச்சல் வந்த அன்றே கேட்டு முடிவெடுக்க வேண்டும்.

உறைவுச் சோதனையால் யாருக்காவது பயன் என்றால் அது அத்தையின் பெண்பிள்ளைகளுக்குத்தான். அதையும் முதலில் அத்தையிடம் செய்ய வேண்டும். கட்டி வந்த புதிதிலோ, வோபரின் என்ற உறைவுத் தடுப்பு மருந்து போடும்போதோ, கர்ப்ப காலத்திலோ எடுத்தால் இந்தப் புரதங்களில் சிலவற்றின் அளவு தானாகவே இறங்கியிருக்கும், இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும். சோதனை செய்தாலும் செய்யாவிட்டாலும், அந்தப் பெண்கள் ஈஸ்ட்ரஜன் கலந்த கருத்தடைக் குளிசை எடுக்கும் முன்பும், கர்ப்பமானதும் முதல் கிளினிக்கிலும், "அம்மாவுக்குப் பிரசவத்துக்குப் பின் காலில் இரத்தம் கட்டியது" என்று சொல்லட்டும்.