திருநள்ளாறு மேல் செயற்கைக்கோள் நிற்கிறதாமே, அறிவியல் சிந்தனைக்கும் மத நம்பிக்கைக்கும் என்னதான் வித்தியாசம்?

கேள்வியோடு நீங்கள் சேர்த்திருக்கும் செய்தி தஞ்சை, திருவாரூர், நாகை, காரைக்கால் பக்கம் வாட்ஸப் வைத்திருக்கும் யாருக்கும் புதிதல்ல. "திருநள்ளாறு கோயிலைக் கடக்கும்போது செயற்கைக்கோள்கள் 3 விநாடி ஸ்தம்பித்து நிற்கின்றன, சனி கிரகத்திலிருந்து வரும் கருநீலக் கதிர்கள் கோயில் மேல் விழுகின்றன, நாசாவே வியக்கிறது." உங்கள் வீட்டுக் குழுவிலும் பெரியவர் யாராவது அனுப்பியிருப்பார். நீங்கள் சந்தேகம் கேட்டிருப்பீர்கள். "சாமி விஷயத்தில் வாயைக் கொடுக்காதே" என்று பதில் வந்திருக்கும். அதனால்தான் இங்கே வந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தர்ப்பாரண்யேசுவரரையோ சனீசுவரரையோ குறைத்துப் பேசும் பதில் அல்ல. நள தீர்த்தத்தில் முழுகி எள் தீபம் ஏற்றிவிட்டு வருகிறவருக்குக் கிடைக்கும் நிம்மதியை நான் தொடப்போவதில்லை. அந்த நிம்மதிக்கு நாசாவின் சான்றிதழ் தேவை என்று நினைப்பதுதான் பக்தியைக் குறைப்பது. எதிர்க்கருத்து எழுத வருகிறவர்கள் கடைசிவரை படித்துவிட்டு எழுதுங்கள்.

அந்தச் செய்தி மத நம்பிக்கையே கிடையாது. "சனீசுவரர் அருள் தருவார்" என்பது நம்பிக்கை. "செயற்கைக்கோள் 3 விநாடி நிற்கிறது" என்பது இடம், நேரம், அளவு மூன்றையும் சொல்லும் ஒரு தகவல். அது உண்மையானால் உலகத்தில் சில விஷயங்கள் ஒரு விதமாக இருக்க வேண்டும், பொய்யானால் வேறு விதமாக இருக்க வேண்டும். எவை என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு போய்ப் பார்ப்பதுதான் அறிவியல் சிந்தனை. நம்பிக்கையில் அப்படி முன்கூட்டி எழுதி வைப்பது கிடையாது, வேண்டியதும் இல்லை. பரிகாரம் பலிக்காவிட்டால் யாரும் கடவுளைக் கைவிடுவதில்லை, "இன்னும் நேரம் வரவில்லை" என்பார்கள். நம்பிக்கைக்குள் அது முறையான பதில். தகவலுக்கு அந்தப் பதிலைச் சொல்ல முடியாது.

இப்போது செய்தியையே எடுத்துக்கொள்வோம். பூமியை நானூறு முதல் எண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறத்தாழ ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகம்தான் அதை விழாமல் வைத்திருக்கிறது. நின்றால் விழ ஆரம்பிக்கும். 3 விநாடி கழித்துப் பழையபடி ஓட வேண்டுமானால் அந்த ஏழரை கிலோமீட்டர் வேகத்தையும் யாராவது திரும்பக் கொடுக்க வேண்டும். அது நடந்தது என்றே வைத்துக்கொண்டாலும், செயற்கைக்கோள் இருக்க வேண்டிய இடத்துக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் பின்தங்கியிருக்கும். செயற்கைக்கோள்களின் பாதைக் கணக்கு இணையத்தில் எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. டெல்டாவைத் தாண்டியதும் எல்லாம் 3 விநாடி தாமதமாக வந்தால் உலகம் முழுக்க வானம் பார்க்கிறவர்கள் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பார்கள்.

உங்கள் கைபேசியில் வழிகாட்டும் ஜி.பி.எஸ்.ஸும் இதற்குச் சாட்சி. அந்தச் செயற்கைக்கோள்கள் 20,200 கி.மீ. உயரத்தில் விநாடிக்கு நாலு கி.மீ.க்குச் சற்றுக் குறைந்த வேகத்தில் போகின்றன. 3 விநாடி நின்றால் பதினொரு கிலோமீட்டருக்கு மேல் இடம் பிசகும். காரைக்காலுக்கும் திருநள்ளாறுக்கும் நடுவே தூரமே ஐந்தாறு கிலோமீட்டர்தான். வரைபடம் பார்த்துக் கோயிலுக்கு வரும் வெளியூர் டிரைவர் சரியாக ராஜகோபுரத்தின் முன்னால் வந்து நிற்கிறாரே, அதுவே போதும்.

"அது நாசா செயற்கைக்கோளுக்கு மட்டும்" என்பார்கள். சரி, நாசா ஏவிய லாண்ட்சாட்டைப் பார்ப்போம். 705 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஒரு லாண்ட்சாட், ஒரே இடத்துக்கு மேலே 16 நாளுக்கு ஒருமுறை வரும். அது எடுக்கும் படங்களை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். முக்கியமானது அது படம் எடுக்கும் விதம். நம் கேமரா மாதிரி ஒரே கிளிக்கில் எடுப்பதில்லை. நகர்ந்துகொண்டே, 30 மீட்டர் அகலத்துக்கு ஒரு வரிசை, அடுத்து ஒரு வரிசை என்று தறியில் நெய்வதைப்போல எடுத்துக்கொண்டு போகும். 3 விநாடியில் அறுநூறுக்கும் மேற்பட்ட வரிசைகள் பதிவாகிவிடும். செயற்கைக்கோள் நின்றிருந்தால் அத்தனை வரிசையிலும் ஒரே துண்டு நிலம்தான் இருக்கும். கோயில் குளம் 20 கி.மீ. நீளத்துக்கு இழுத்துவிட்ட கோடாகத் தெரியும். எடுத்துப் பாருங்கள். அரசலாறு வளைகிற இடத்தில் வளைகிறது, வயல் வயலாக இருக்கிறது, நள தீர்த்தம் சிறிய சதுரமாக இருக்கிறது.

இன்னொரு குழப்பம் உண்டு. "நிற்கும் செயற்கைக்கோள்" என்று உண்மையிலேயே இருக்கிறதே என்பார்கள். நம் மொட்டை மாடி டிஷ் பார்க்கும் டி.வி. செயற்கைக்கோள்கள் அப்படித் தெரிபவைதான். அவை நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில், பூமி சுழலும் அதே கால அளவில் சுற்றுவதால் நமக்கு நிற்பதுபோல் தெரிகின்றன. திருநள்ளாறு இருப்பதோ நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 11 பாகை (டிகிரி) வடக்கே. அதற்கு நேர்மேலே அப்படி ஒன்றை நிறுத்தவே முடியாது. கும்பகோணத்திலும் சரி, மன்னார்குடியிலும் சரி, தெருவில் எந்த டிஷ்ஷும் வடக்கே பார்க்காமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

கருநீலக் கதிருக்கு ஒரு வரி போதும். சனி மிக அருகில் வரும்போதே 120 கோடி கி.மீ. தள்ளி இருக்கிறது, பூமி சுழன்றுகொண்டே இருக்கிறது. அங்கிருந்து வரும் எந்தக் கதிரும் நன்னிலத்தை விட்டுவிட்டுத் திருநள்ளாறில் மட்டும் விழாது.

கணக்கெல்லாம் வேண்டாம், கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையம் 400 கி.மீ. உயரத்தில் ஏறக்குறைய 93 நிமிடத்துக்கு ஒரு சுற்று போகிறது. அது கடக்கும் நேரத்தை முன்கூட்டியே சொல்லும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் ஊரைக் குறித்து, வானத்தில் 70 பாகைக்கு மேல் ஏறும் ஒரு கடப்பைத் தேர்ந்தெடுங்கள். சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் வருவது நல்லது. அதிகாலையும் ஆகும். எந்தத் திசையில் எத்தனை மணி, நிமிடம், விநாடிக்கு உச்சிக்கு வரும் என்பதை முதலிலேயே தாளில் எழுதி இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள். தலைக்கு மேலே வரும்போது அது விநாடிக்கு ஒரு பாகை வேகத்தில் நகரும். 3 விநாடி நின்றால் குழந்தைகூடக் கவனித்துவிடும்.

தவறு நேரும் இடங்கள் உண்டு. செயலியில் இடம் சென்னை என்று இருந்தால் நேரமும் உயரமும் மாறிவிடும். சுவர்க் கடிகாரத்தை நம்பாதீர்கள், கைபேசி நேரத்தைப் பாருங்கள். சிமிட்டிக்கொண்டு போவது விமானம். விண்வெளி நிலையம் சிமிட்டாத வெள்ளை ஒளி. பாதி வானத்தில் திடீரென்று மங்கி மறைந்தால் பதறக் கூடாது, பூமியின் நிழலுக்குள் போயிருக்கிறது, அந்த நேரத்தையும் செயலி சொல்லியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைமேகத்தில் பார்க்க வராது. தை முதல் சித்திரை வரை டெல்டா வானம் தெளிவாக இருக்கும். ஒருமுறை பார்த்து முடிவு கட்டாதீர்கள். காரைக்காலில் ஒருவர், தஞ்சாவூரில் ஒருவர் என்று பார்த்துக் குறிப்பை ஒப்பிடுங்கள். எதுவும் நடக்காத நாளையும் கட்டாயம் எழுத வேண்டும். நடந்ததை மட்டும் எழுதி நடக்காததை விட்டுவிடும் குறிப்பேட்டில் எந்தக் கோயிலுக்கு வேண்டுமானாலும் எந்த அதிசயத்தையும் நிரூபித்துவிடலாம்.

அடுத்தது சனிப்பெயர்ச்சி. அறிவியலுக்கும் நம்பிக்கைக்கும் உள்ள வித்தியாசம் இதில் இன்னும் நன்றாகத் தெரியும். சனி கும்பத்துக்கு வந்தது திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப் பஞ்சாங்கப்படி 2023 டிசம்பர் 20, திருநள்ளாறில் விழா நடந்தது அன்றைக்குத்தான். பதினொரு மாத இடைவெளி. அடுத்த பெயர்ச்சியும் திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 என்று ஊரெல்லாம் பேச்சானபோது, கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுவதால் 2026-இல்தான் என்று நிர்வாகமே அறிவித்தது. வானத்தில் இருப்பது ஒரே சனிதான். வாக்கியம் பழைய சூத்திரத்தை அப்படியே காக்கிறது; திருக்கணிதம் வானில் பார்த்த நிலைக்கு ஏற்பக் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. 2023 டிசம்பர் 20 அன்று திருக்கணிதக் கணக்கில் சனி கும்பத்துக்குள் சுமார் எட்டு பாகை போயாகிவிட்டது. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் வானத்தில் மறையும் அகலம் பத்து பாகை. அதைவிடக் கொஞ்சம் குறைவு.

கோயில் செய்வது தப்பா? இல்லை. விழா எந்த நாளில் என்பது மரபு, அதைக் கோயில் தீர்மானிக்கலாம். ராசியின் எல்லை எங்கே தொடங்குகிறது என்பதும் மனிதர் வகுத்ததுதான். ஆனால் "இன்று இரவு சனி வானத்தில் எங்கே இருக்கிறது" என்ற கேள்விக்கு மரபு பதில் சொல்ல முடியாது, தொலைநோக்கிதான் சொல்லும்.

பலன் விஷயத்திலும் இதே கோட்டைப் போடலாம். ராசி பன்னிரண்டு. ஏழரைச் சனி எந்த நேரமும் மூன்று ராசிக்கு நடக்கும். அர்த்தாஷ்டமம் ஒன்று, கண்டகம் ஒன்று, அஷ்டமத்துச் சனி ஒன்று. ஆக ஆறு. எந்த நாளிலும் ராசிகளில் பாதிக்குச் சனியால் ஏதோ ஒரு தொல்லை உண்டு. அப்படியானால் வேலை போனவர் நூறு பேரை எடுத்தால் ஐம்பது பேருக்கு ஜாதகத்தில் சனிக் காரணம் தானாகவே கிடைத்துவிடும். வேலை போகாத நூறு பேரிலும் ஐம்பது பேருக்குக் கிடைக்கும், ஆனால் அவர்களிடம் யாரும் போய்க் கேட்பதில்லை. பரிகாரத்துக்கு ஆட்கள் கஷ்டம் முற்றிய நேரத்தில்தான் போகிறார்கள். முற்றியது பெரும்பாலும் அதற்குப் பிறகு தணியத்தான் செய்யும். இதைச் சோதிக்க நினைத்தால் வேலை போன வருடத்தை ஒருவர் பட்டியல் எடுக்க வேண்டும், அந்தப் பட்டியலைப் பார்க்காத இன்னொருவர் ஜாதகம் கணிக்க வேண்டும், எந்தப் பஞ்சாங்கம் என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். வாக்கியத்தில் பொருந்தாததைத் திருக்கணிதத்தில் தேடிப் பொருத்தக் கூடாது.

"அப்படியானால் பக்தன் விஞ்ஞானியாக முடியாதா?" என்று கேட்பவர்களுக்குக் கும்பகோணத்திலேயே பதில் இருக்கிறது. ராமானுஜன் தன் சூத்திரங்கள் நாமக்கல் நாமகிரித் தாயார் அருளியவை என்று நம்பினார். 1913-இல் அவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதி அனுப்பியவற்றில் பல, உலகமே வியந்தவை. பகா எண்களின் எண்ணிக்கை பற்றி அவர் சொன்னது போன்ற சில பிசகாக இருந்தன. இரண்டையும் ஒரே விதமாகத்தான் சோதித்தார்கள். கனவில் வந்ததா, காகிதத்தில் வந்ததா என்று கணிதம் கேட்காது. நிரூபணம் எங்கே என்றுதான் கேட்கும்.

இங்கே ஒரு வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். வாட்ஸப் பெரியவர்களை மட்டும் குறை சொல்கிறோம். நம் பள்ளி ஆய்வகங்களில் என்ன நடக்கிறது? தனி ஊசல் சோதனையில் 100 செ.மீ. நூலுக்கு 20 அலைவு ஏறக்குறைய 40 விநாடி வர வேண்டும் என்று பிள்ளைகளுக்கு முன்பே தெரியும். ஊசலை ஆட்டாமலே அதை ரெக்கார்டு நோட்டில் எழுதி, விடை (புவியீர்ப்பு முடுக்கம்) 9.8 என்று முடித்துவிடுகிறார்கள். 9.3 வந்ததாக நேர்மையாக எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் குறைகிறது. நூலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் கொக்கி வரை அளந்ததால் வந்த குறையா, கடிகாரத்தைத் தாமதமாக நிறுத்தியதா என்று கேட்டிருந்தால் அந்த 9.3-இல்தான் பாடமே இருந்திருக்கும். விடையை முதலில் வைத்துக்கொண்டு அளவை எழுதும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. அரசியலமைப்பின் 51-ஏ பிரிவு அறிவியல் மனப்பான்மையைக் குடிமகனின் கடமை என்கிறது. அதைப் பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்குகிறோம்.

உங்கள் குழு விஷயத்துக்கு வருகிறேன். எல்லார் முன்னாலும் பெரியவரை மடக்காதீர்கள், அவர் செய்தியை விட்டுவிட்டு மரியாதையைக் காப்பாற்றப் போய்விடுவார். தனியாகக் கேளுங்கள்: "பெரியப்பா, எந்தச் செயற்கைக்கோள், எந்தத் தேதி, யார் அளந்தார்கள் என்று செய்தியில் இருக்கிறதா?" இருக்காது. அதன் பிறகு கோயில் பேச்சை எடுக்கவே வேண்டாம். விண்வெளி நிலையம் உங்கள் ஊருக்கு மேலே வரும் அடுத்த நல்ல கடப்பின் நேரத்தை எழுதி அவர் கையிலேயே கொடுத்து, மாடிக்குக் கூப்பிடுங்கள். விநாடியை அவரே எண்ணட்டும்.