தேன் பாட்டில் ஏன் சுருங்கியது?

கோத்தகிரியில் மலைத்தேன் விற்கும் வாசகி ஒருவர், மார்கழிக் குளிரில் உறைந்த தேனை இளக்கப் பாட்டிலோடு கொதிநீரில் வைத்ததாகவும், பாட்டில் சுருங்கிக் கோணிவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். பாட்டில் போலியா, தேனில் நஞ்சு இறங்கியிருக்குமா என்பது அவர் கவலை.

போலி அல்ல. அது ‘பெட்’ எனப்படும் பாலிஎத்திலீன் டெரிப்தாலேட்; டெரிப்தாலிக் அமிலமும் எத்திலீன் கிளைக்காலும் மாறிமாறிக் கோத்த நெடுஞ்சங்கிலி. தடித்த சிறு குழாயைச் சூடாக்கி, அச்சுக்குள் இழுத்து ஊதியே பாட்டிலாக்குகிறார்கள். இழுபட்ட அந்தச் சங்கிலிகள் 70, 80 டிகிரி சூட்டில் நெகிழ்ந்து பழைய அளவுக்கே திரும்பப் பார்க்கின்றன. சில பிளாஸ்டிக்குகளில் இருந்து கசிந்து அச்சமூட்டும் பிஸ்பீனால் ஏ என்ற வேதிப்பொருள் பெட்டில் கிடையாது. தயாரிப்பில் வினையூக்கியாகச் சேரும் ஆன்டிமனி என்ற தனிமம் சூட்டில் சற்றுக் கூடுதலாகக் கசியும் என்றாலும், ஒருமுறை வைத்ததில் இறங்கியிருப்பது மிகச் சொற்பமே. கை பொறுக்கும் 40 டிகிரி வெந்நீரே தேனை இளக்கப் போதும்.

சூடாக நிரப்பும் பழச்சாறுக்கென 85 டிகிரி வரை தாங்கும் பெட் பாட்டில்களும் உண்டு. அவற்றில் பலவற்றின் கழுத்து பால்வெள்ளையாக இருக்கும். அங்கே சங்கிலிகளை வேண்டுமென்றே படிகமாக்கியிருப்பார்கள். வெள்ளை மூடியைப் பார்த்து ஏமாறாமல், மூடியைக் கழற்றி மரையைப் பார்க்க வேண்டும்.

எனக்குக் கவலை தருவது உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான்: தரகர் ஒருவர் ‘ஃபுட் கிரேடு’ (உணவுக்கு உகந்தது) என்று சொல்லிப் பாட்டில்களைப் பாதி விலைக்குத் தருகிறாராம். அவை பயன்படுத்திக் கழித்த பழைய பாட்டில்களாக இருக்கலாம். பாட்டிலில் முக்கோணத்துக்குள் இருக்கும் 1 என்ற எண் பிளாஸ்டிக்கின் இனத்தைத்தான் சொல்லும். முன்பு அதில் தண்ணீர் இருந்ததா, மண்ணெண்ணெய் இருந்ததா என்று சொல்லாது. கழுவிப் பளபளப்பாக்கிய பழைய பாட்டிலில் ஊறிய வாடை எளிதில் போகாது. பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள்: பெட் என்றால் அடியின் நடுவில் பொட்டுபோல் ஒரு புள்ளி இருக்கும், குறுக்கே ஒட்டுக்கோடு ஓடினால், தண்ணீர்க் குழாய் செய்யும் பிவிசி பிளாஸ்டிக்காக இருக்கலாம். இரண்டுமே தண்ணீரில் மூழ்குவதால் மிதக்கவிட்டுப் பிரிக்க முடியாது. பிவிசி சிறிது கலந்தாலும் உருக்கும்போது அமிலம் கிளம்பி மறுசுழற்சிச் சரக்கையே கெடுத்துவிடும்.

நீலகிரிச் சோதனைச் சாவடிகளில் பயணியின் கையிலிருந்து தண்ணீர் பாட்டிலை வாங்கிவைப்பதில் இருக்கும் கண்டிப்பு, வாங்கியதைத் தரம் பிரிப்பதில் இல்லை. தரகர்கள் பிழைப்பது இந்த ஓட்டையில்தான். உங்கள் தரகரிடம் தயாரிப்பாளர் பெயருள்ள ரசீது கேளுங்கள். மழுப்பினால் கண்ணாடிக் குப்பிக்கு மாறிவிடுங்கள்.