பயாப்சியில் 'தோல் லிம்போமா' என்று வந்தால் கீமோதெரபிதான் வழியா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. பிட்டத்திலும் தொடையிலும் இரண்டு வருடமாக வெளிறிய திட்டுகள். அரிப்பு இல்லை. தேமல் என்று களிம்பு போட்டோம், போகவில்லை. இப்போது பயாப்சியில் 'மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ், டி செல் லிம்போமா' என்று வந்திருக்கிறது. கீமோதெரபி தொடங்க வேண்டுமா?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் தேவைப்படாது. லிம்போமா என்பது ஒரு வகை வெள்ளையணுக்களில் தோன்றும் புற்றுநோய்; டி செல் அந்த அணுக்களில் ஒன்று. தோலில் தொடங்கும் லிம்போமா குழந்தைகளுக்கு வருவதே அபூர்வம். அப்படி வருவதில் அதிகம் காணப்படுவது உங்கள் மகனுக்கு வந்திருக்கும் வகைதான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது பல வருடங்கள் தோலோடு நின்றுவிடுகிறது, உள்ளுறுப்புகளுக்குப் போவது மிக அரிது.

கருமையான, மாநிறத் தோலில் இது வெளிறிய திட்டாகவே தலைகாட்டும். வெண்புள்ளி நோய் போலப் பால்வெள்ளையாக இருக்காது. லேசாக நிறம் மங்கி, சில இடங்களில் மெல்லிய செதில் இருக்கும். வெயில் படாத பிட்டம், தொடை, இடுப்புப் பகுதியில்தான் அதிகம். கன்னத்தில் வரும் சாதாரணத் தேமலிலிருந்து பிரித்தறிய இந்த இடம் ஒரு நல்ல தடயம். கண்டுபிடிக்க வருடக்கணக்கில் தாமதமாவது சகஜம், அதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். முதல் பயாப்சியில் தெளிவாகத் தெரியாமல் இரண்டாவது, மூன்றாவது முறை எடுப்பதும் உண்டு. மறுபடி எடுக்கச் சொன்னால், ஸ்டீராய்டு களிம்பை எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள். களிம்பு போட்ட தோலில் நோயின் அடையாளங்கள் மங்கிப்போகும்.

அடுத்து பரப்பைப் பாருங்கள். விரல்களோடு சேர்ந்த அவனுடைய உள்ளங்கை, அவன் உடல் தோலில் சுமார் 1 சதவீதம். திட்டுகள் மொத்தம் பத்து உள்ளங்கைக்குள் அடங்கி, தடிப்போ கட்டியோ இல்லாமல், நிணநீர்க் கணுக்களும் வீங்காமல் இருந்தால் அது மிக ஆரம்ப நிலை. ஸ்டீராய்டு களிம்பு, நேரோபேண்ட் யுவிபி எனும் புற ஊதா ஒளி சிகிச்சை, இவ்வளவுதான். ஒளி சிகிச்சைக்கு வாரம் இரண்டு மூன்று முறை வீதம் சில மாதங்கள் போக வேண்டியிருக்கும். கண்ணுக்குக் கண்ணாடி, பிறப்புறுப்புக்கு மறைப்பு கட்டாயம். திட்டுகளில் பழைய நிறம் திரும்பினால் சிகிச்சை வேலை செய்கிறது என்று அர்த்தம்.

பெயரில் லிம்போமா இருப்பதாலேயே எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. எனக்கே இன்னும் விசித்திரமாகத் தோன்றுவது லிம்பமட்டாய்டு பேப்புலோசிஸ் என்ற தோல் நோய். சிவந்த பருக்கள் கூட்டமாகக் கிளம்பும், நடுவில் கருகும், சில வாரங்களில் தழும்பு விட்டுத் தானே ஆறும். அப்புறம் வேறு இடத்தில் புதிதாக வரும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிடி30 என்ற புரதம் உள்ள செல்கள் மூர்க்கமான புற்றுநோய் போலவே தெரியும். ஆனால் குழந்தை ஓடியாடிக்கொண்டிருக்கும்! அதே சிடி30 செல்கள் தோலின் அனாபிளாஸ்டிக் லார்ஜ் செல் லிம்போமாவிலும் உண்டு. அங்கே பெரும்பாலும் ஒரே கட்டி வளர்ந்து, புண்ணாகி நிற்கும். இரண்டையும் பயாப்சி ஸ்லைடை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. பரு வந்ததா, ஆறியதா என்று தேதியோடு நீங்கள் மொபைலில் எடுத்த படங்கள் இங்கே ரிப்போர்ட்டுக்குச் சமம். பேப்புலோசிஸ் வந்த சிலருக்குப் பின்னாளில் வேறு லிம்போமா வரலாம் என்பதால், பெரியவரான பிறகும் கண்காணிப்பு தொடர வேண்டும்.

சரி, எந்த அறிகுறிகளைக் கண்டால் அவசரப்பட வேண்டும்? கை கால்களில் தோலுக்கு அடியில் ஆழமான முடிச்சுகள், கூடவே விடாத காய்ச்சல், இரத்த அணுக்கள் குறைவு. முகத்தில் வெயில் படும் இடங்களில் கொப்புளமும் வீக்கமும் காய்ச்சலும். சின்னக் குழந்தையின் தலையிலோ முகத்திலோ வேகமாக வளரும் கெட்டியான சிவந்த கட்டி. கடைசியாகச் சொன்னது, முதிராத வெள்ளையணுக்களில் தொடங்கும் லிம்போபிளாஸ்டிக் வகையாக இருந்தால் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையும் முழுக் கீமோதெரபியும் உண்டு. இவற்றில் நாள் கடத்தக் கூடாது.

உங்கள் மகன் விஷயத்தில், குழந்தைகளைப் பார்க்கும் தோல் நிபுணரும் புற்றுநோய் நிபுணரும் சேர்ந்து ஸ்லைடை ஒருமுறை மறுபார்வை செய்யட்டும். இது யாருக்கும் தொற்றாது. பள்ளிக்கூடம், விளையாட்டு எதையும் நிறுத்த வேண்டாம். ஒளி சிகிச்சையை நிறுத்திய பிறகு திட்டுகள் திரும்ப வருவது அடிக்கடி நடக்கும். அதை நோய் முற்றிவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அதே சிகிச்சை மறுபடி பலன் தரும்.