லண்டனில் ஒஸ்டியோபதி படிக்கப் போகலாமா?

கேள்வி: உயர்தரம் உயிரியல் பிரிவில் எழுதினேன், மருத்துவபீடத்துக்கு இசட் புள்ளி காணாது. லண்டன் சித்தப்பாவின் நாரிப் பிடிப்பை ஒரு ஒஸ்டியோபத் கையாலேயே மாற்றிவிட்டாராம். "நீயும் வந்து அதைப் படி, காசு நான் தாறன்" என்கிறார். அம்மாவோ படித்துவிட்டு ஊருக்கே வந்துவிட வேண்டும் என்கிறா. என்ன செய்ய?
- கொக்குவில் வாசகி

பதில்: தங்கச்சி, சித்தப்பாவுக்குச் சுகமானது சந்தோஷம். ஆனால் யூடியூபில் அமெரிக்க ஒஸ்டியோபத்களைப் பார்த்துவிட்டு லண்டன் கணக்குப் போடாதீர்கள். ஒஸ்டியோபதியை உருவாக்கிய அன்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892இல் மிசூரியில் பள்ளி தொடங்கிய அந்த நாட்டில், இன்று இதைப் படித்து வருபவர்கள் மருந்தெழுதி சத்திரசிகிச்சையும் செய்கிற முழு டொக்டர்கள். பிரித்தானியாவில் அப்படியில்லை, தசையையும் மூட்டையும் கையால் பார்க்கிற தொழில் அது.

மட்டமான தொழில் என்று சொல்லவில்லை. நாலைந்து வருடப் பட்டப்படிப்பு, நோயாளிகளோடு ஆயிரம் மணித்தியாலப் பயிற்சி, 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு, பதியாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டால் குற்றம். நாரி நோவுக்கு உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்தால் பலன் உண்டு என்று அங்கத்தைய வழிகாட்டல்களே ஒத்துக்கொள்கின்றன (மண்டையோட்டை மெல்லத் தடவி எல்லா வருத்தமும் மாற்றலாம் என்பவர்களை மட்டும் நம்பாதீர்கள்).

சிக்கல் படிப்பு முடிந்த பிறகுதான். அங்கே பெரும்பாலானோர் சொந்தமாகவே தொழில் செய்கிறார்கள், வேலை விசாவுக்கோ உங்களைச் சம்பளத்துக்கு எடுக்க ஒரு நிறுவனம் வேண்டும். சரி, அம்மா சொல்கிறபடி திரும்பி வந்தால்? இங்கே நாரி பிடித்தவர் ஒன்றில் முறிவு நெரிவு வைத்தியரிடம் போவார், இல்லாவிட்டால் பெரியாஸ்பத்திரி பிசியோதெரபிக்குப் போவார், உங்கள் பெயர்ப்பலகையை வாசித்துவிட்டு "இது என்ன பிள்ளை?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுவார்.

ஆகவே ஊரில் இருக்கத்தான் விருப்பமென்றால் கொழும்பிலோ பேராதனையிலோ நாலு வருட பிசியோதெரபிப் பட்டத்துக்கு உங்கள் புள்ளி காணுமா என்று முதலில் பாருங்கள். இலவசப் படிப்பு, மருத்துவ சபைப் பதிவும் கிடைக்கும், பிறகு வெளிநாடு போனாலும் பிசியோதெரபி என்றால் எவருக்கும் விளங்கும். கைதடியில் சித்த மருத்துவமும் இருக்கிறது, கையால் செய்யும் வைத்தியத்தில்தான் ஆசை என்றால் தொக்கணமும் (உடம்பைப் பிடித்துவிடுவது) வர்மமும் (உடம்பின் முக்கிய புள்ளிகளைத் தொட்டுச் செய்யும் வைத்தியம்) அதற்குள்ளேயே வரும், அதை ஏன் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லையோ தெரியாது.

லண்டன்தான் என்று முடிவெடுத்தால், வெளிநாட்டு மாணவருக்கான கட்டணத்தைக் கடைசி வருடம்வரை கட்டுவாரா, முதல் வருடத்துக்கு மட்டுமா என்று சித்தப்பாவிடம் இப்போதே, அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.