ப்ளாண்ட் மரமும் செம்பட்டை முடியும்

அன்புள்ள ஐயா,

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறோம். பிரான்சிலிருந்து ஒருவர், ‘ப்ளாண்ட்’ (blond) மரத்தில் செய்த மேசை வேண்டும், கறுத்த தேக்கு வேண்டாம் என்று ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். அகராதியைப் புரட்டினால் ‘பொன்னிற முடியுடைய பெண்’ என்று இருக்கிறது. மரத்துக்கு இது எப்படிப் பொருந்தும்? இந்தச் சொல்லைக் கடைசியில் ஆங்கில ‘ஈ’ எழுத்தைச் சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுகிறார்களே, எது சரி? நம்முடைய செம்பட்டையும் இதுவும் ஒன்றுதானா?

வாசகி, காரைக்குடி

அன்புள்ள வாசகிக்கு,

ப்ளாண்ட் என்பது பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். வெளிர் மஞ்சளுக்கும் இளம்பழுப்புக்கும் இடைப்பட்ட நிறத்தை அது குறிக்கும். முடிக்கு அதிகமாகப் புழங்கியதால் அகராதிகள் அந்தப் பொருளை முதலில் போடுகின்றன. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் வெளிர்ந்த புகையிலையையும் பியரையும்கூட இந்தச் சொல்லாலேயே குறிக்கிறார்கள், குறைவாக வறுத்த காப்பிக்கொட்டைக்கு ஆங்கிலத்திலும் இப்பெயர் உண்டு. ஆகவே உங்கள் வாடிக்கையாளர் கேட்பது நிறம் வெளிர்ந்த மரத்தை; பொன்போல மின்னும் மரத்தை என்று எண்ணிவிட வேண்டாம்.

‘ஈ’ விஷயத்துக்கு வருவோம். பிரெஞ்சில் பெயரடைக்கும் பால் உண்டு என்பதால், ஆணுக்கு ‘ஈ’ இல்லாமலும் பெண்ணுக்கு ‘ஈ’ சேர்த்தும் எழுதுவார்கள். பெயரடைக்குப் பால் பார்க்காத ஆங்கிலம், இந்தச் சொல்லை வாங்கும்போது அந்த வழக்கத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டது. பிரிட்டனில் பெண்ணைக் குறிக்கும்போது ‘ஈ’ சேர்ப்பதே பெருவழக்கு; அமெரிக்கப் பத்திரிகைகளில் பலவும் பெயரடையாக வரும் இடங்களில் எல்லாருக்கும் ‘ஈ’ இல்லாமலே எழுதுகின்றன. ஆங்கிலத்தில் உச்சரிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். பிரெஞ்சில் மரம் ஆண்பால். உங்களுக்கு வந்த மின்னஞ்சலில் ‘ஈ’ இல்லாமல் இருந்தால் அதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பதில் எழுதும்போது அவர் எழுதியபடியே நீங்களும் எழுதிவிடுங்கள்.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது வேறொன்று. கானாடுகாத்தானுக்குப் பழைய செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிப் பார்க்க வரும் வெளிநாட்டுப் பெண்களை, ஆங்கிலம் பேசும் நம் பிள்ளைகள் ‘அந்த ப்ளாண்ட்’ என்று சுட்டினால், அதைக் கேட்கும் பெண்ணுக்கு அது உவப்பாக இராது. ‘ப்ளாண்ட் முடி’ என்று பெயரடையாகச் சொல்லும்போது அது வெறும் வருணனை. முடியின் நிறத்தையே ஆளின் பெயராக்கும்போது, பொன்முடிக்காரி என்றால் அழகி, ஆனால் அறிவு மட்டு என்னும் பழைய மேலைநாட்டுக் கேலியும் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. முடிக்கு மட்டும் அடையாகச் சொல்லி, ஆளைக் குறிக்கப் பெயரைப் பயன்படுத்துவதே மரியாதை.

செம்பட்டை இதற்கு ஈடாகாது. ‘தலை செம்பட்டையாக் கெடக்கு, எண்ணெய் வையிடி’ என்று அப்பத்தா கடிந்துகொள்ளும்போது அதில் கவனிப்பாரற்ற முடி, வெயில், சத்துக்குறைவு எல்லாம் அடங்கியிருக்கின்றன. கடுமையான புரதக் குறைவில் குழந்தைகளின் கருமுடி நிறம் மங்கிச் செம்பட்டையாவதை மருத்துவர்களும் நோய்க்குறியாகவே பார்க்கிறார்கள். ப்ளாண்ட் முடியோ பிறவியிலேயே கருநிறமி குறைந்து அமைவது. அது வெள்ளைக்காரருக்கு மட்டுமே உரியது என்பதும் சரியல்ல: பசிபிக் கடலின் சாலமன் தீவுகளில், கறுத்த தோலுடைய மக்களிலேயே 5 முதல் 10 விழுக்காட்டினருக்கு இந்த முடி உண்டு. வெயிலும் உப்புக்காற்றும் மீன் உணவும் காரணம் என்று வெகுகாலம் சொல்லப்பட்டு வந்தது. ஐரோப்பியரிடம் இல்லாத ஒரு மரபணு மாற்றமே காரணம் என்பது 2012இல் வெளிவந்த ஆய்வில் தெளிவாயிற்று. (சிவபெருமானின் செஞ்சடையை இந்தக் கணக்கில் சேர்க்க ஒரு நண்பர் முயன்றார், அது தீயின் நிறம், இதற்கு வராது.) தமிழில் எழுதும்போது நான் ‘வெளிர்பொன் முடி’ என்று எழுதுவேன்.

இனி உங்கள் வியாபாரம். இலங்கையில் முதிரை என்றும் இங்கே பொரசு என்றும் சொல்லும் மரத்தில் செய்த பழைய மேசை உங்கள் கடையில் இருந்தால், அவர் கேட்கும் நிறத்துக்கு அதுவே மிக அருகில் வரும். வெளிர் மஞ்சளில் பட்டுப்போன்ற மினுக்கம் அதற்கு உண்டு. பலா, அறுத்த புதிதில் மஞ்சளாக இருந்தாலும் நாளடைவில் சிவந்து பழுப்பேறிவிடும் என்பதால் பழைய சாமானில் அது உதவாது. தேக்கை இழைத்து மேல்பூச்சை எடுத்துவிட்டு ப்ளாண்ட் என்று அனுப்பும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒளியும் காற்றும் பட்டுச் சில காலத்தில் அது மறுபடியும் பழுப்பாகும், உங்கள் பேரும் கெடும். மேசையைக் கவிழ்த்து, மெருகு படாத அடிப்பக்கத்தையும் மேற்பலகையையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, மரத்தின் பெயரோடு அனுப்பிவையுங்கள்.