64 பேர் சேர்ந்தார்கள், 90-ஆம் நாளில் எத்தனை பேர்?

கேள்வி: கும்பகோணத்தில் ஜவுளிக்கடை நடத்துகிறோம். 70 பேர் வேலை பார்க்கிறார்கள். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் முன்னால் ஆள் எடுப்பது வழக்கம். போன வருடம் 64 பேரைச் சேர்த்தோம். அதில் இன்று கடையில் இருப்பது 23 பேர்தான். நோட்டீஸ், கேபிள் டிவி விளம்பரம், ஏஜென்ட் கமிஷன் என்று செலவு ஏறிக்கொண்டே போகிறது. ஆளெடுப்புக்கென்று ஒரு மென்பொருள் வாங்கலாம் என்கிறான் மகன். எதை அளந்தால் இது சரியாகும்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: மென்பொருள் இப்போதைக்கு வேண்டாம். போனவர்கள் 41 பேரும் எந்த வழியாக வந்தார்கள், எத்தனையாவது நாளில் போனார்கள் என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. கடையிலும் அது எழுதிவைக்கப்படவில்லை என்றே நினைக்கிறேன். அந்த விவரம் இல்லாமல் எந்த மென்பொருளாலும் உங்களுக்கு ஒன்றும் சொல்ல முடியாது.

ஒரு நீள நோட்டு போதும், எக்செல் தெரிந்தால் இன்னும் நல்லது. ஆளுக்கு ஒரு வரி. பெயர், ஊர், யார் சொல்லி வந்தார், முதலில் போன் செய்த தேதி, நேரில் வந்த தேதி, வேலை உண்டு என்று நீங்கள் சொன்ன தேதி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, காரணம். சாதி, கல்யாணம் ஆயிற்றா என்பதற்கெல்லாம் கட்டம் போடாதீர்கள். வேலைக்கு அது தேவையில்லை.

இதில் பெரும்பாலும் கெட்டுப்போவது ‘யார் சொல்லி வந்தார்’ என்ற கட்டம்தான். முதல் போனிலேயே கேட்டு எழுதிவிட வேண்டும். சேர்ந்து ஒரு மாதம் கழித்துக் கேட்டால் ‘சும்மா கேள்விப்பட்டு வந்தேன்’ என்பார்கள். ‘விளம்பரம்’ என்று மொட்டையாக எழுதுவதிலும் பயனில்லை. பஸ் ஸ்டாண்ட் நோட்டீஸா, கேபிளா, வாட்ஸ்அப்பில் வந்ததா என்று பிரித்து எழுதுங்கள்.

முக்கியமாகப் பார்க்க வேண்டிய எண், ஒவ்வொரு வழியிலும் வந்தவர்களில் 90-ஆம் நாளில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது. உதாரணத்துக்கு ஒரு கணக்கு: ஏஜென்ட் 24 பேரைக் கொண்டுவந்தார், ஆளுக்கு 2,000 ரூபாய் கமிஷன், ஆக 48,000. 90-ஆம் நாளில் இருப்பது 6 பேர். அப்படியானால் நிலைத்த ஒருவருக்கு 8,000 செலவு. கடை ஊழியர்கள் 18 பேரை அழைத்துவந்தார்கள், ஆளுக்கு 1,500 கொடுத்தீர்கள், மொத்தம் 27,000. நிலைத்தவர்கள் 12 பேர் என்றால் ஒருவருக்கு 2,250தான். வந்த தலையை மட்டும் எண்ணினால் ஏஜென்ட்தான் கெட்டிக்காரராகத் தெரிவார். கமிஷனையும் சேர்ந்த அன்றே முழுதாகக் கொடுக்காதீர்கள். பாதியை 30-ஆம் நாளிலும் மீதியை 90-ஆம் நாளிலும் கொடுங்கள். தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் தலைகள்தான் வரும்.

கணக்கில் சில இடங்களில் கால் வழுக்கும். இன்னும் 90 நாள் ஆகாதவர்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் விகிதம் பொய்யாக உயரும், அவர்களைத் தள்ளிவையுங்கள். தீபாவளிக்கு மட்டும் என்று சொல்லி எடுத்தவர்களுக்குத் தனிப் பக்கம் போடுங்கள். நீங்கள் அனுப்பியவரும் தானாகப் போனவரும் ஒரே பட்டியலில் இருக்கக் கூடாது. ஒரு வழியில் மொத்தமே நாலு பேர்தான் வந்தார்கள் என்றால் ‘75 சதவீதம்’ என்று எழுதாமல் ‘4-ல் 3’ என்றே எழுதுங்கள். அவ்வளவு சிறிய எண்ணை நம்பி எதையும் நிறுத்தவோ தொடங்கவோ கூடாது.

அடுத்தது, போன் செய்ததிலிருந்து சேரும்வரை ஆகும் நாட்கள். ஏழு பேருக்கு 2, 3, 3, 4, 5, 6, 31 நாள் ஆனது என்று வையுங்கள். சராசரி எடுத்தால் கிட்டத்தட்ட 8 நாள் என்று வரும், ஆனால் ஏழில் ஆறு பேருக்கு அவ்வளவு ஆகவில்லை. வரிசையில் நடுவில் நிற்கும் 4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். போன் செய்தவர்களில் பாதிப் பேர் நேரில் வரவில்லை என்றால், சம்பளத்தைப் போனில் சொல்லாமல் ‘நேரில் வாங்க, பேசிக்கலாம்’ என்றீர்களா என்று பாருங்கள். நேரில் வந்து, வேலை உண்டு என்று கேட்டும் சேரவில்லை என்றால், நீங்கள் சொல்லத் தாமதித்த நாட்களில் வேறு கடை அவரை எடுத்திருக்கும்.

மாதத்துக்கு மாதம் ஒப்பிடாதீர்கள். இந்த ஆடியைப் போன ஆடியோடு வைத்துப் பாருங்கள். டெல்டாவில் வயல் உள்ள வீட்டுப் பெண்கள் நடவுக்கும் அறுப்புக்கும் சில நாள் வராமல் போவார்கள். அவர்களை விலகியவர்களாக எழுதிவிடாமல், திரும்பும் தேதியைக் கேட்டு லீவு கொடுங்கள். பழகிய ஆளை அப்படி வைத்துக்கொள்வது புது ஆளை எடுப்பதைவிட மலிவு.

விலகிய காரணத்தை, போய் ஒரு வாரம் கழித்துப் போனில் கேளுங்கள். அவருடைய சூப்பர்வைசர் கேட்கக் கூடாது. ‘சொந்தக் காரணம்’ என்ற பதிலோடு விடாமல், எந்த நாளில் போகலாம் என்று தோன்றியது, அன்று என்ன நடந்தது என்று கேளுங்கள். பதிலை ஊர்க் கட்டத்தோடு சேர்த்துப் படியுங்கள். திருப்பனந்தாள், பந்தநல்லூர் பக்கத்துப் பிள்ளைகளே அதிகம் போயிருந்தால், கடை மூடி, துணி மடித்துவைத்து வெளியே வரும்போது அவர்களுக்கு பஸ் இருக்கிறதா என்று ஒரு நாள் ராத்திரி போய்ப் பாருங்கள். பஸ் கிடைக்காதவர்களுக்கு ஷிப்ட்டை அரை மணி முன்னால் முடித்தாலே போதும். விளம்பரச் செலவு எதுவும் ஏறாது.

கால்வலி என்று பலர் சொன்னால், ஒவ்வொரு கவுன்ட்டரிலும் ஸ்டூல் இருக்கிறதா, உட்கார்ந்தால் யாராவது அதட்டுகிறார்களா என்று பாருங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது.

ஒரு ஆடியும் ஒரு தீபாவளியும் இந்த நோட்டை விடாமல் எழுதிய பிறகு, மென்பொருளைப் பற்றி மகனோடு உட்கார்ந்து பேசுங்கள். அதில் என்னென்ன கட்டம் வேண்டும் என்பதை அப்போது நீங்களே சொல்வீர்கள்.